டயர் காற்றுக்கு ஒரு காவல்

எங்கள் வண்டி டயரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் காற்றைப் பிடுங்கிவிடுகிறார் என்றுதான் நான் முதலில் நம்பினேன். 'சந்தேகப்பட்டேன்' என்று நாசூக்காகச் சொல்லித் தப்பிக்கலாம். சந்தேகம் என்றால் பாதி மனசாவது அவர் பக்கம் இருந்திருக்க வேண்டும். எனக்கு முழு மனசும் என் பக்கமே இருந்தது. வெள்ளனே எழுந்து பார்த்தால் காற்று குறைந்திருக்கும். வண்டி நிற்பதோ அவர் வீட்டுச் சுவரை ஒட்டி. அவரும் ஒரு நாள், "இப்படி மறைச்சு நிப்பாட்டுனா காத்தப் புடுங்கி விட்டுருவேன் பாத்துக்கங்க தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சார்ஜர், செல்போன் கவர், ஹெட்செட் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் எல்லாம் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போக, நாம் மட்டும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர்களுக்கு ஒயர் விற்றுக்கொண்டிருக்கிறோமே என்று ஐம்பதை நெருங்கும்போது ஓர் அரிப்பு வந்தது. டூரிஸ்ட்டுக்கு ஓடி ஓய்ந்த பழைய வேன் ஒன்றை வாங்கினேன். சீட்டை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ஒரு கட்டில், ஃபோம் மெத்தை, ஒற்றை அடுப்பு, தண்ணீர் கேன் என்று வைத்து வீடாக்கினேன். நான் அதைக் கேரவன் என்பேன். என் மனைவி 'அது' என்பாள். பக்கத்து வீட்டு அண்ணன் 'ஆம்புலன்ஸ்' என்பார்.

வண்டி தயாரானதும் கிளம்பியிருக்க வேண்டும். நான் கிளம்பவில்லை. முதலில் கருவிகள் வாங்கவேண்டும் என்றேன். ஒயர் விற்கிறவனுக்கு ஒயர் இல்லாமல் ஊர் போகத் தெரியாது. இரவு பகலாக வீடியோ பார்த்தேன். எங்கோ பாலைவனத்தில், வீடு மாதிரி வண்டி ஓட்டுகிற ஒரு வெள்ளைக்காரர் தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: போனை நம்பாதே, வழிகாட்டும் கருவியைத் தனியாக வாங்கு, வண்டியின் உயரத்தையும் அகலத்தையும் அதில் போட்டுவிட்டால் உன்னைச் சந்துக்குள் மாட்டிவிடாது. எனக்குச் சரியென்று பட்டது. மலைப்பாதையில் பாதித் தூரத்துக்கு சிக்னல் கிடையாது. வரைபடத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிற கருவிதான் நமக்கு லாயக்கு. ஆக அதை வாங்கினேன். இங்கே பிறந்து, கீழே இறங்க ஒன்றிரண்டு சாலைகளே உள்ள ஊரில், கண்ணைக் கட்டிவிட்டாலும் வத்தலக்குண்டு போய்ச் சேரக்கூடியவன் வாங்கினேன். அதில் தமிழ் பேசுகிற ஓர் அம்மா இருந்தார். "இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்" என்பார். இடப்புறம் திரும்பாவிட்டால் பள்ளத்தில் போய் விழ வேண்டியதுதான், அப்படிப்பட்ட வளைவு. ஆனாலும் சொல்வார்.

அடுத்தது டயர் பிரஷர் மானிட்டர். இதில் இரண்டு வகை. ஒன்று டயரைக் கழற்றி உள்ளே பொருத்துவது. இன்னொன்று காற்று அடிக்கிற வால்வின் மூடிக்குப் பதிலாக வெளியே திருகிக்கொள்வது. கழற்றி மாட்டுகிற தொல்லை வேண்டாமென்று வெளியே திருகுகிறதை எடுத்தேன். ஒவ்வொரு டயரிலும் எவ்வளவு காற்று என்று டாஷ்போர்டில் ஒட்டிய சின்னத் திரையில் தெரியும். ஐம்பதுக்குக் கீழே போனால் கத்தச் சொன்னேன், அறுபத்திரண்டுக்கு மேலே போனாலும் கத்தச் சொன்னேன். இந்த எண்களை யாரிடமும் கேட்கவில்லை. பார்க்க அழகாக இருந்தன.

கடைக்குச் சரக்கு எடுக்க வத்தலக்குண்டு இறங்கிய அன்று மூடிகளைப் பொருத்தினேன். எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் பலரைப் போல நானும் டீசல், காற்று எல்லாம் கீழேயே பார்த்துக்கொண்டு ஏறுகிறவன். மொட்டை வெயில். மலை இறங்கி வந்த டயர் தொட்டால் சுடும். பஞ்சர் கடையில் எல்லா டயருக்கும் ஐம்பத்தைந்து பாயின்ட் அடித்தேன். திரையில் வரிசையாக ஐம்பத்தைந்து, ஐம்பத்தைந்து. பிள்ளைகள் எல்லாம் ஒரே மார்க் வாங்கியது மாதிரி பூரித்துப்போனேன்.

மறுநாள் காலை தை மாசக் குளிரில் சாவியைப் போட்டதும் அந்தத் திரை வீறிட்டது. நாற்பத்தேழு.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் தன் வீட்டின் இரண்டு அறையை டூரிஸ்ட்டுகளுக்கு விடுகிறவர். 'ரூம் உண்டு, வெந்நீர் உண்டு' என்ற அவர் போர்டை என் கேரவன் முழுசாக மறைத்தது. அந்தக் காற்றைப் பிடுங்குகிற பேச்சு வந்தது அப்போதுதான். மதினிக்கு, அதாவது அவர் மனைவிக்கு, முதுகுத்தண்டில் ஜவ்வு விலகி உட்காரவே முடியாது. நிற்பார், கொஞ்சம் நடப்பார், மற்றபடி படுக்கைதான். அவர்களின் ஒரே மகளுக்கு பெரியகுளம் பக்கம் மாப்பிள்ளை ஊர் மாதா கோயிலில் கல்யாணம் முடிவானது. இத்தனை வளைவில் உட்கார்ந்தபடி இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுத்தபடி போக ஊரில் ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. ஆம்புலன்ஸ் என்று கிண்டல் பண்ணிய வாயாலேயே அண்ணன் வந்து கேட்டார்.

"தம்பி, அவ மக கழுத்துல தாலி ஏறுறதப் பாக்கணும்னு கெடக்கா. வேற ஒண்ணும் கேக்கல."

"இதெல்லாம் கேக்கணுமாண்ணே? மதினியை மகாராணி மாதிரி கொண்டுபோய் எறக்குறேன்" என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன். நிமிர்த்தியதில் கஞ்சத்தனமே காட்டவில்லை.

காற்று குறைய ஆரம்பித்தது இந்த வாக்குக் கொடுத்த பிறகுதான். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் முழுக்க வண்டியை எடுக்கவில்லை. காலையில் திரையை மட்டும் பார்ப்பேன். ஒரு நாள் நாற்பத்தேழு, மறுநாள் நாற்பத்தைந்து, அதற்கடுத்த நாள் நாற்பத்தெட்டு. புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்த அன்று அதிகம் போயிருந்தது. மேகம் மூடிக் குளிர் தணிந்த அன்று ஒன்றிரண்டு பாயின்ட் திரும்பி வந்திருந்தது. அன்றைக்கு அண்ணனுக்கு மனசாட்சி உறுத்தியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். ஆனால் அவளிடம் எண்களைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தத் திரை என்ன விலை என்று கேள்வி வரும். "காத்து திருடு போவுது" என்று மட்டும் சொன்னேன்.

"ஏங்க, அந்த வண்டியிலதான் அவரு பொண்டாட்டி கல்யாணத்துக்குப் போவணும். அவரே எதுக்குங்க காத்தப் புடுங்குறாரு?"

"கல்யாணத்தன்னைக்குப் புடுங்க மாட்டாரு. அது வரைக்கும் புடுங்குவாரு."

"மத்தியானம் ஒருக்கா பாத்தீங்களா?"

"கடையைப் போட்டுட்டு வரவா?"

"ஒருக்கா பாருங்க" என்றாள். நான் பார்க்கவில்லை. திருடன் பகலில் வரமாட்டான் என்பது என் கணக்கு.

ஆகவே பொறி வைத்தேன். சாயங்காலம் டயரைச் சுற்றிலும் அரிசி மாவைத் தூவினேன், காலடித் தடம் விழட்டும் என்று. "கோலமா போடுறீங்க?" என்று மனைவி ஜன்னலிலிருந்து கேட்டாள். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். தடம் பிரமாதமாக விழுந்திருந்தது. குளம்புத் தடம். ஊருக்குள் உலாத்துகிற காட்டுமாடு ஒன்று வந்து மாவை நக்கிவிட்டு, பம்பரில் கொஞ்சம் உரசிவிட்டுப் போயிருந்தது. டயரில் நாற்பத்தாறு. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே வழக்கை வாபஸ் வாங்கியிருப்பார்கள். நான், அண்ணனின் தடத்தைக் காட்டுமாடு அழித்துவிட்டது என்று எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் மாதா கோயில் வாசலில் எல்லாரும் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது நான் என் வாயைத் திறந்தேன். இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

"நம்ம தெருவுல ஒருத்தரு என் வண்டி டயர்ல கைய வைக்கிறாரு. மரியாதையா சொல்லிட்டேன், நல்லாருக்காது."

அண்ணன் என் எதிரில்தான் நின்றார். "யாரைச் சொல்றீங்க தம்பி?"

"பொதுவாச் சொன்னேன்."

பொதுவாகச் சொன்னதை நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் நான் பார்த்த பக்கம் பார்த்தார்கள். மகள் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்க, வண்டிக்காரனிடம் யார் மல்லுக்கு நிற்பார்கள்? அன்று மத்தியானமே அவர் தன் போர்டைக் கழற்றிப் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டார், என் வண்டிக்கு இடைஞ்சல் இல்லாமல்.

இரண்டு நாள் கழித்து, பால்காரர் வருவதற்கு முந்தி, எதேச்சையாக ஜன்னலைத் திறந்தேன். பனிக்குள் ஓர் உருவம். என் பின் டயருக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தது. ஸ்வெட்டருக்கு மேல் கம்பளி, மங்கி குல்லா. நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தேன்.

"மாட்டுனீங்களாண்ணே!"

அவர் பதறி எழுந்தார். கையில் ஒரு கம்பு, ஒரு டார்ச். "மெல்லப் பேசுங்க தம்பி. அவன் இன்னும் வரல."

"எவன்?"

"காத்தப் புடுங்குறவன். நீங்க சொன்னதுலேருந்து ரெண்டு நாளா வெள்ளனே வந்து உக்காந்து பாக்குறேன். எவனும் சிக்கல." பல் தந்தியடித்தது அவருக்கு. "வண்டி நின்னுபோச்சுன்னா அவ எப்படிப் போவா, சொல்லுங்க?"

அன்று கோயில் வாசலில் நான் சொன்னதை, தன்னைச் சொன்னதாகவே அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அல்லது எடுத்துக்கொண்டும், அதை ஓரமாக வைத்துவிட்டுக் கம்போடு வந்து உட்கார்ந்தார். எது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கிற முகம் எனக்கு இல்லை. "வாங்கண்ணே, காப்பி குடிப்போம்" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்தில் காப்பி கொடுப்பது என் பழக்கம்.

பக்கத்து வீட்டுக்காரர் நிரபராதி ஆகிவிட்டார். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை, திருடன்தான் மாறினான். வால்வு கசிகிறது என்று முடிவு கட்டினேன். கல்யாணத்தன்று விடியற்காலை, பனி கொட்டும்போது, கையடக்கக் காற்றுப் பம்பை பேட்டரியில் மாட்டி எல்லா டயருக்கும் ஐம்பத்தைந்து அடித்தேன். திரை பச்சையாயிற்று. மதினியைப் பட்டுச்சேலையோடு கட்டிலில் படுக்கவைத்தோம். மகளும் சொந்தக்காரர்களும் முந்தின நாளே போய்விட்டார்கள். வண்டியில் மதினி, அவர் தலைமாட்டில் என் மனைவி, முன்னால் என் பக்கத்தில் அண்ணன்.

"பத்து மணிக்குப் பூசை. வெரசாப் போவோம், ஆனா வெரட்ட வேணாம்" என்றார் அண்ணன்.

"இருநூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும்" என்றார் கருவி அம்மா.

"சரிங்கம்மா" என்று படுத்தபடியே மதினி பதில் சொன்னார். ஒவ்வொரு வளைவுக்கும் சொன்னார். பெருமாள்மலை தாண்டும்வரை எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் வந்தோம்.

ஊத்து தாண்டி வெயில் ஏறியது. திரையில் ஐம்பத்தெட்டு வந்தது. பிறகு அறுபது. கசிகிற வால்வு எப்படிக் காற்றை உள்ளே இழுக்கும்? பிரேக் மிதிக்க மிதிக்க எண் ஏறியது. டம்டம் பாறைக்கு மேலே ஒரு வளைவில் அறுபத்துமூன்று என்று சிவந்து கத்த ஆரம்பித்தது. நான் வண்டியை ஓரங்கட்டி, "எல்லாரும் எறங்குங்க! டயர் வெடிக்கப் போவுது!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

"மதினி எப்படிங்க எறங்குவாங்க?" என்றாள் மனைவி.

மெத்தையை உருவித் தடுப்புச் சுவரோரம் தரையில் விரித்தேன். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, கழுத்தில் நகையோடு மதினியை அதில் படுக்கவைத்தோம். மலைப்பாதை ஓரத்தில் மெத்தை விரித்து மணப்பெண்ணின் அம்மா படுத்திருந்தால் போகிறவர்கள் சும்மா போவார்களா? கார்கள் வரிசையாக நின்றன. "ஆக்சிடென்ட்டாங்க?" "உயிர் இருக்கா?" ஒருத்தர் செல்போனை நீட்டிப் படம் எடுத்தார். ஒரு குரங்கு வந்து, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோன பழத்தில் ஒரு சீப்பைத் தூக்கிக்கொண்டு சுவர்மேல் உட்கார்ந்து தின்றது. மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பக்கத்தில் டயர் கடை எங்கே என்று கருவி அம்மாவைக் கேட்டேன். ரொம்பப் பக்கத்தில் ஒன்று காட்டினார். நேர்க்கோட்டில் பக்கம்தான், சுவரைத் தாண்டிக் குதிக்க வேண்டும். போனில் சிக்னல் இல்லை. நான் குனிந்து காற்றை இறக்க ஆரம்பித்தேன். ஒரு டயரில் குறைத்துவிட்டு அடுத்ததற்கு ஓடுவேன், முதலாவதில் கூடுதலாகக் குறைந்துவிட்டதோ என்று மறுபடி திரும்பி ஓடுவேன்.

"தம்பி, டயர் பாக்க நல்லாத்தான இருக்கு. மெதுவா உருட்டிப் போயிருவோமா?" அண்ணன் கெஞ்சினார். மணியைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"வெடிச்சா பள்ளம்ணே! என்னால பொறுப்பு எடுக்க முடியாது!"

அப்போதுதான் பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போகிற பிக்கப் ஒன்று வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்னண்ணே, நடு ரோட்டுல குடித்தனம் வச்சிட்டீங்க?"

அண்ணன் விஷயத்தைச் சொன்னார். டிரைவர் பின்னால் திரும்பித் தன் மூட்டைகளைப் பார்த்தார். "நான் பெரியகுளம் வழியாத்தான் போறேன். மூட்டை மேல படுத்துக்குவாங்களா?"

நான் நிமிர்ந்து, "அது எப்படிங்க, முதுகு வலிக்காரங்களை..." என்று ஆரம்பித்தேன்.

மதினி முந்தானையை விலக்கினார். அவர் என்னிடம் கோபமாகப் பேசியதே இல்லை, அப்போதும் பேசவில்லை. "தம்பி, நீங்க வண்டியைப் பாத்துட்டுப் பைய வாங்க. நான் முந்திப் போறேன்" என்றார்.

அவரைத் தூக்கி மூட்டைமேல் படுக்கவைத்தார்கள். அண்ணன் ஒரு பக்கம், என் மனைவி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மத்தியானம் பாருங்கன்னு சொன்னேன்ல?" என்றாள். பிக்கப் வளைந்து மறைந்தது. நானும், குரங்கும், ஆளில்லாத கட்டிலும் மிச்சம். "பயணத்தைத் தொடரவும்" என்றார் கருவி அம்மா. அவர் ஒருத்தர்தான் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

மெத்தையைச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டு, எல்லா டயரையும் ஐம்பத்தைந்துக்கு இறக்கிவிட்டு, நான் போய்ச் சேர்ந்தபோது கோயிலுக்குள் பாட்டு முடிந்துகொண்டிருந்தது. முதல் வரிசையில் சுவரில் சாய்ந்து மதினி நின்றார். வாசல்வரைக்கும் பூண்டு வாசனை. சாப்பாட்டுப் பந்தியில் அண்ணன் தானே வாளியைத் தூக்கி வந்து, "வைங்க தம்பி, இன்னொரு பீஸ்" என்று என் இலையில் கறி வைத்தார். குனிந்த தலை எனக்கு நிமிரவில்லை. மதினி மட்டும் பக்கத்தில் வந்து சிரித்தார். "ஒண்ணும் நெனைக்காதீங்க. பூண்டு வாசத்துல எவளும் கிட்ட நெருங்கல. தாராளமாச் சாஞ்சு நின்னு பாத்தேன்."

அன்று திரும்பும்போது என் வண்டியில்தான் ஏறினார்கள். என் மனைவி முன் சீட்டில் உட்கார்ந்து திரைக்கு மேல் தன் கைக்குட்டையைப் போட்டு மூடினாள். போகும் வழியில் எட்டாம் வகுப்புப் பாடத்தை எனக்கு எடுத்தாள். அண்ணனும் மதினியும் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டு வந்தார்கள். நடந்தது இவ்வளவுதான்: காற்று குளிரில் சுருங்கும், சூட்டில் விரியும். யாரும் எதையும் திருடவில்லை, எந்த வால்வும் கசியவில்லை. மத்தியான வெயிலில் ஒருக்கா பார்த்திருந்தாலே எண் தானாக ஏறியிருப்பது தெரிந்திருக்கும். வத்தலக்குண்டு வெயிலில் அடித்ததுதான் மலைக்குளிரில் குறைந்து தெரிந்தது. மலைக்குளிரில் அடித்ததுதான் இறங்கும்போது கூடித் தெரிந்தது. காற்றைக் குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கல்யாணத்தன்று காலையில்தான் அந்த டயர்களில் முதல்முறையாகச் சரியான காற்று இருந்தது. அதைத்தான் நான் வழியில் நின்று இறக்கினேன். மதினி பூண்டு மூட்டைமேல் படுத்துப் போய்த் தன் மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.